நிலநடுக்கோட்டைத் தாண்டிய நம்மவர்

கூமாப்பட்டியிலிருந்து பார்த்தால் கடல் தெரியாது. மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை, அதன் அடிவாரத்தில் பிளவக்கல்லின் பெரியாறு, கோவிலாறு அணைகள், கிழக்கே வத்திராயிருப்பு வரை நெல்வயலும் தென்னந்தோப்பும். கடல் பார்க்க வேண்டுமென்றால் தூத்துக்குடிக்கோ திருச்செந்தூருக்கோதான் பஸ் ஏற வேண்டும். ஆனால் மாலுமியின் வரைபடத்தை விரித்து நம் ஊரிலிருந்து நேர் தெற்கே ஒரு கோடு இழுத்தால், அது கன்னியாகுமரியை ஒட்டிக் கடலில் இறங்கும். அதற்கப்பால் அண்டார்க்டிகா பனிநிலம் வரை வழியெல்லாம் நீர்தான். பிரான்ஸ் நாட்டுக்குச் சொந்தமான ஆம்ஸ்டர்டாம், செயின்ட் பால் என்ற இரண்டு சிறு தீவுகள் மட்டும் அந்த வழியருகே கிடக்கின்றன. நம் ஊரிலிருந்து சுமார் 580 கடல் மைல் தெற்கே நிலநடுக்கோடு. மணிக்கு 12 கடல் மைல் ஓடும் சரக்குக் கப்பலுக்கு அது இரண்டு நாள் தூரம்.

அந்தக் கோட்டை முதன்முறையாகத் தாண்டுகிற கடலோடிக்குக் கப்பலில் ஒரு சடங்கு உண்டு. கடலரசனின் தர்பாரில் நிறுத்தி, முகத்தில் குழம்பு பூசி, மரக்கத்தியால் மழித்து, உப்புநீரில் முக்கி எடுத்து, கையில் ஒரு சான்றிதழும் கொடுப்பார்கள். அதன் பிறகே அவர் கப்பற்காரர். கூமாப்பட்டி, வத்திராயிருப்பு, திருவில்லிபுத்தூர், இராசபாளையம் பக்கத்திலிருந்து கடலுக்குப் போனவர்கள் சேர்ந்து கொண்டாடும் தேசியக் கடல்சார் தினத்தின் மலருக்குக் கட்டுரை கேட்டபோது, இந்தச் சடங்கையும், இந்தியப் பிள்ளைகளை அதற்கு உரியவர்களாக்கிய பயிற்சிக் கப்பலின் வரலாற்றையும் ஒருசேர எழுதுவதே முறை என்று தோன்றியது. டஃப்ரின், ராஜேந்திரா, சாணக்யா என்று பெயர் மாறினாலும் அது ஒரே குடும்பம். 2027 டிசம்பரில் அக்குடும்பத்துக்கு நூறு வயது நிறைகிறது.

தமிழர் அந்தக் கோட்டைத் தாண்டியது நூறாண்டுக் கதை அன்று. 1025ஆம் ஆண்டு முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை கடாரத்தின் மீதும் ஸ்ரீவிஜயத்தின் மீதும் சென்றது. தஞ்சைக் கல்வெட்டு வரிசையிட்டுச் சொல்லும் ஊர்களில் ஸ்ரீவிஜயம், இன்றைய சுமத்ராவின் பாலெம்பாங் என்று ஆய்வாளர்கள் கொள்வர். மலையூர் என்பது ஜாம்பிப் பகுதி. இரண்டும் நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே உள்ளவை. ஆக, சோழர் காலத்து மாலுமி வடமீன் கடலுக்குள் மூழ்கும் இடத்தைத் தாண்டிப் போய் வந்தவன். அவனுக்குத் துணையாக இருந்தவை விண்மீனும் நீரோட்டமும் பருவக்காற்றும்தான். நெய்தல் நிலத்துக்கு வருணனைத் தெய்வமாகத் தொல்காப்பியம் வகுத்த நாட்டில், அவன் அந்த நீரில் எதைத் தூவி யாரை வணங்கினான் என்பதைக் கல்வெட்டு பதிவு செய்யவில்லை.

இன்று கப்பல்களில் நடக்கும் சடங்கு ஐரோப்பிய மாலுமிகளிடமிருந்து வந்தது. 1529இல் சுமத்ராவை நோக்கிப் புறப்பட்ட பிரெஞ்சுக் கப்பல்களில் கோட்டைத் தாண்டும்போது விழா எடுத்த குறிப்பு இருக்கிறது. 1832 பிப்ரவரி 17 அன்று பீகிள் கப்பலில் இளம் சார்லஸ் டார்வினின் முகத்தில் தாரும் பெயின்டும் பூசி, சொரசொரப்பான இரும்புப் பட்டையால் வழித்து, பாய்த்துணித் தொட்டியில் தள்ளினார்கள். 1936இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட் இண்டியானாபொலிஸ் போர்க்கப்பலில் கோட்டைத் தாண்டியபோதும் கப்பலில் கடலரசன் நெப்டியூனின் தர்பார் கூடியது. பதவி பார்க்காத சடங்கு இது. முன்பு தாண்டியவர், தாண்டாதவர் என்ற இரண்டே சாதிதான் அன்று தளத்தில் உண்டு.

ஆனால் பத்தொன்பதாம் நூற்றாண்டில் நம்மவர் கோட்டைத் தாண்டிய விதம் வேறு. 1860 அக்டோபர் 12 அன்று சென்னையிலிருந்து ட்ரூரோ என்ற கப்பல் 342 பேருடன் புறப்பட்டு, நவம்பர் 16 அன்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறையைச் சேர்ந்தது. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாகப் போனவர்கள் அவர்கள். 1911 வரையிலான ஐம்பதாண்டில் இப்படி நேட்டாலுக்குச் சென்ற இந்தியர் 1,52,184 பேர். அவர்களில் பெரும்பகுதியினர் சென்னையில் ஏறியவர்கள். மொரீஷியசுக்கும் பிஜிக்கும் போனவர்கள் தனிக்கணக்கு. இவர்கள் எல்லாரும் நிலநடுக்கோட்டைத் தாண்டியவர்களே. தாண்டினோம் என்று அவர்களுக்குச் சொல்ல ஆளில்லை. கீழ்த்தளத்துப் புழுக்கத்தில், கஞ்சிக்கும் குடிநீருக்கும் முறை வைத்துக் காத்திருந்த நாள்களில் ஒன்றாக அந்த நாள் கழிந்திருக்கும். நம் வரலாற்றை எழுதும் எவரும் அவர்களை முதல் வரிசையில் வைத்தே தொடங்க வேண்டும்.

அடுத்த வரிசை லஸ்கர்கள். ஆங்கிலேயக் கம்பெனிகளின் நீராவிக் கப்பல்களில் கொதிகலனுக்குக் கரி அள்ளிப் போட்டவரும், தளம் கழுவியவரும், சமைத்தவரும் இந்தியர்கள். செராங், டிண்டல், சுக்கானி, கலாசி, பண்டாரி என்று அவர்களுக்குள் ஒரு படிவரிசை இருந்தது. அந்தப் படிகள் ஏறி எவ்வளவு மேலே போனாலும் பிரிட்ஜில் நின்று கப்பலை நடத்தும் அதிகாரியாக முடியாது. நெப்டியூன் வேடம் போட்டவரும் சான்றிதழில் கையெழுத்திட்டவரும் வெள்ளையர். விழா முடிந்ததும் தளத்தைக் கழுவியவர் நம்மவர்.

இந்த நிலையை முதலில் அசைத்தவர் நம் பக்கத்துக்காரர். 1906 அக்டோபர் 16 அன்று தூத்துக்குடியில் வ.உ.சிதம்பரம் பிள்ளை சுதேசி நாவாய்ச் சங்கத்தைப் பதிவு செய்தார். மூலதனம் பத்து லட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய், மொத்தம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவராக இருந்தார். காலியா, லாவோ என்ற இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. ஆங்கிலேயக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது, சலுகைகள் கொடுத்துப் பயணிகளை இழுத்தது. 1908 மார்ச் 12 அன்று வ.உ.சி. கைதானார். கோவைச் சிறையில் அவர் செக்கிழுத்துக் கொண்டிருந்த காலத்தில் சுதேசிக் கம்பெனி தள்ளாடியது. 1911இல் அது மூடப்பட்டது. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் ஒரே இரவுப் பயணம்தான். ஆனாலும் இந்தியக் கப்பல் தொழிலின் எந்த வரலாறும் அந்த ஓரிரவைத் தாண்டிவிட்டுத் தொடங்க முடியாது.

அவர் விட்ட இடத்தில் பம்பாய் எடுத்துக்கொண்டது. வால்சந்த் ஹீராசந்த், நரோத்தம் மொரார்ஜி ஆகியோர் 1919இல் சிந்தியா நீராவிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினர். அந்த ஆண்டு ஏப்ரல் 5 அன்று அவர்களின் லாயல்டி கப்பல் பம்பாயிலிருந்து லண்டன் நோக்கிப் புறப்பட்டது. அந்த நாளையே 1964 முதல் தேசியக் கடல்சார் தினமாகக் கொண்டாடி வருகிறோம். இம்மலருக்கும் அதுவே நாள். இந்தியர் முதலாளியான கப்பல் வந்துவிட்டது. அதை நடத்த இந்திய அதிகாரி ஒருவரும் இல்லை. கேப்டன் முதல் மூன்றாம் மேட் வரை வெளியாரைத்தான் அமர்த்த வேண்டியிருந்தது.

இங்கேதான் தமிழ்நாட்டுப் பெரியவர் ஒருவரின் பெயரைப் பொன்னெழுத்தில் பொறிக்க வேண்டும். தஞ்சை மாவட்டம் பழமார்நேரியில் 1864இல் பிறந்த சர் பி.எஸ்.சிவசாமி ஐயர், சட்ட மேதை, திருக்காட்டுப்பள்ளியிலும் மயிலாப்பூரிலும் பள்ளிகளை வளர்த்தவர். 1922இல் மத்திய சட்டசபையில் இந்திய வணிகக் கப்பற்படை ஒன்று உருவாக வேண்டும், அதற்கு இந்தியர் பயிற்சி பெற வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தவர் அவரே. காவிரிக்கரை வக்கீல் ஒருவர் கடலைப் பற்றி இவ்வளவு தெளிவாகச் சிந்தித்தது இன்றும் வியப்பளிக்கிறது. அத்தீர்மானத்தின் விளைவாக 1923இல் கேப்டன் ஹெட்லம் தலைமையில் ஒரு குழு அமைந்தது. கரையோர வாணிபத்தை இந்தியக் கப்பல்களுக்கு ஒதுக்க வேண்டும், பயிற்சிக் கப்பல் ஒன்றை நிறுவ வேண்டும் என்று அந்தக் குழு சொன்னது. முதலாவதை அரசு கிடப்பில் போட்டது. இரண்டாவதை ஏற்றது.

படைவீரர்களை ஏற்றிச் செல்வதற்காக 1904இல் இங்கிலாந்தில் கட்டப்பட்ட டஃப்ரின் என்ற பழைய கப்பல் பம்பாய்த் துறைமுகத்தில் மஜ்காவ் எதிரே நங்கூரமிட்டு நிறுத்தப்பட்டது. 1927 டிசம்பரில் அது பயிற்சிக் கப்பலாகத் திறக்கப்பட்டது. கேப்டன் டிக்பி பெஸ்ட் முதல் கண்காணிப்பாளர். நகராத கப்பல் அது. ஆனால் அதில் ஏறிய பையன் கரையை மறக்க வேண்டும். விடியற்காலையில் வெறுங்காலோடு தளம் கழுவுவது, துடுப்புப் படகு இழுப்பது, கயிற்று முடிச்சு, கொடிச் சைகை, செக்ஸ்டன்ட் பிடித்துச் சூரிய உயரம் அளப்பது, கோள முக்கோணக் கணக்கு என்று நாள் நகரும். இரவு தொங்கு படுக்கை.

முதல் அணியில் சேர்ந்தவர்களில் ஒருவர் ராம்தாஸ் கட்டாரி, செங்கல்பட்டில் 1911இல் பிறந்தவர். வைஸ்ராயின் தங்கப் பதக்கத்தோடு டஃப்ரினை முடித்தார். 1958 ஏப்ரல் 22 அன்று இந்தியக் கடற்படைத் தலைமைத் தளபதி பதவியை ஏற்ற முதல் இந்தியர் அவரே. அதுவரை அந்த நாற்காலியில் ஆங்கிலேயர்தான் அமர்ந்திருந்தனர். விடுதலை வந்து பத்தாண்டு கடந்த பிறகே கடற்படைக்கு இந்தியத் தளபதி கிடைத்தார் என்றால், ஒரு கடல் அதிகாரியை உருவாக்க எத்தனை காலம் பிடிக்கும் என்பது விளங்கும். 1927இல் அந்த விதை விழாமல் இருந்திருந்தால் அந்த நாளும் இன்னும் தள்ளிப் போயிருக்கும்.

முப்பதுகள் எளிதாகக் கழியவில்லை. டஃப்ரினில் தேறிய பிள்ளைகளை வேலைக்கு எடுக்க வெளிநாட்டுக் கம்பெனிகள் தயங்கின. கரையோர வாணிபத்தை இந்தியருக்கு ஒதுக்கக் கோரி எஸ்.என்.ஹாஜி 1928இல் கொண்டுவந்த மசோதா சட்டமாகவில்லை. ஆயினும் அது எழுப்பிய விவாதம் கம்பெனிகளின் கதவைக் கொஞ்சம் திறந்தது. சிந்தியா கம்பெனி இந்தியப் பயிற்சியாளர்களுக்கு இடம் கொடுத்தது. 1935 முதல் டஃப்ரினில் கப்பல் பொறியியலும் சேர்ந்தது. மேல்தளத்துக்கு மட்டுமின்றி எஞ்சின் அறைக்கும் இந்திய அதிகாரிகள் வரலாயினர்.

பிறகு போர் வந்தது. 1942 நவம்பர் 23 அன்று, பம்பாயிலிருந்து மொம்பாசா, டர்பன் துறைகளுக்குப் போய்க்கொண்டிருந்த திலாவா என்ற பயணிகள் கப்பலை ஜப்பானிய நீர்மூழ்கி மூழ்கடித்தது. 280 பேர் மாண்டனர். கோட்டைத் தாண்டாமலே நின்றுபோன பயணம் அது. இரண்டாம் உலகப் போரில் உயிர்விட்ட இந்தியக் கடற்படையினர், வணிகக் கப்பல் தொழிலாளர் ஆகிய 6,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் இரண்டு பெரிய ஏடுகளில் எழுதப்பட்டு, ஒன்று மும்பையிலும் மற்றொன்று சிட்டகாங்கிலும் வைக்கப்பட்டுள்ளன. அவர்களில் பெரும்பாலோர் கரி தள்ளியவர்களும் சமையற்காரர்களும் கலாசிகளும். மும்பை போகும் நம் பிள்ளைகள் அந்த ஏட்டை ஒருமுறையாவது பார்த்து வர வேண்டும்.

விடுதலைக்குப் பிந்தைய ஆண்டுகள் கட்டியெழுப்பிய காலம். 1948 மார்ச்சில் விசாகப்பட்டினத்தில் கட்டிய ஜல உஷா கப்பலை நேரு நீரில் இறக்கினார். 1949இல் கப்பல் பொறியியல் பயிற்சி கல்கத்தாவிலும் பம்பாயிலும் தனி நிறுவனமாகியது. 1950இல் கிழக்கத்தியக் கப்பல் கழகம் தோன்றி, இந்தியக் கப்பல்கள் ஆஸ்திரேலியாவுக்கு ஓடத் தொடங்கின. இந்திய அதிகாரிகள் பிரிட்ஜில் நின்று, இந்தியக் கொடியின் கீழ் நிலநடுக்கோட்டை வழக்கமாகத் தாண்டும் காலம் பிறந்தது. அதே 1950இல் ஐ.என்.எஸ். டெல்லி போர்க்கப்பலில் பிரதமர் நேரு ஜகார்த்தாவுக்குப் பயணம் செய்தார். ஜகார்த்தா கோட்டுக்கு ஆறு பாகை தெற்கே இருப்பது. கடற்படையின் குறிக்கோள் வாசகமாக, வருணன் நமக்கு நலம் தருக என்னும் பொருளுடைய வேத வாக்கை ராஜாஜி எடுத்துக் கொடுத்ததும் நாம் நினைக்கத் தக்கது. 1961 அக்டோபர் 2 அன்று கிழக்கத்திய, மேற்கத்தியக் கழகங்கள் இணைந்து இந்தியக் கப்பல் கழகம் ஆயின.

1972இல் முதுமையடைந்த டஃப்ரின் ஓய்வு பெற, ராஜேந்திரா அதன் இடத்துக்கு வந்தது. கடல் கடந்து சென்ற சோழ வேந்தனின் பெயர் மறுபடி பம்பாய்த் துறைமுகத்து நீரில் எழுதப்பட்டது என்றே நம்மவர் மகிழ்ந்தோம். இதை எழுதுபவன் அந்தக் கப்பலில் பயின்றவன். டெக் கேடட்டாகச் சரக்குக் கப்பலொன்றில் ஏறி ஆஸ்திரேலியாவுக்குப் போகும் வழியில் அந்தத் தர்பாரைக் கண்டேன். இன்றைய பிள்ளைகளுக்காக அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

முதல் நாள் மாலையே அழைப்பு வந்துவிடும். கப்பலின் முகப்பிலிருந்து, நங்கூரச் சங்கிலித் துளை வழியாகக் கடலிலிருந்து ஏறி வந்தவர் போல் கடலரசனின் தூதர் டேவி ஜோன்ஸ் தோன்றுவார். மணிலாக் கயிற்றைப் பிரித்துத் தலைமுடி, தாடி, பாசி எல்லாம் அவரே செய்துகொண்டிருப்பார். நாளை எம் அரசர் உங்கள் கப்பலுக்கு எழுந்தருளுகிறார், இன்னின்ன புதியவர்கள் ஆஜராக வேண்டும் என்று கேப்டனிடம் ஓலை வாசிப்பார். எங்கள் கப்பலில் அரசர் நெப்டியூனாக வரவில்லை, வருணனாகவே வந்தார். சீஃப் இன்ஜினியருக்கு பிஸ்கட் டின்னை வெட்டிச் செய்த கிரீடம், துடைப்பக் கழியில் ஆணி அடித்த திரிசூலம். ரேடியோ ஆபீசர் கேபின் திரைச்சீலையைச் சேலையாகக் கட்டிக்கொண்டு அரசியானார். பண்டாரிக்கு உதவியாக இருந்தவர் நாவிதர். உடம்பெல்லாம் கரி பூசிய இருவர் கரடிகள். அவர்கள் வேலை, ஓடுகிற கேடட்டைப் பிடித்து வருவது.

அந்தக் காலத்தில் இடம் காட்டும் செயற்கைக்கோள் கருவி எங்கள் கப்பலில் இல்லை. நண்பகலில் சூரிய உயரம் அளந்து, வேகத்தைப் பெருக்கி, கோட்டைத் தாண்டும் நேரத்தை மூன்றாம் மேட் கணக்கிட்டார். அந்த நிமிடத்தில் கப்பல் நீளமாக ஊதியது. டெக் லாக் புத்தகத்தில் ஒரு வரி ஏறியது. கேப்டன் தொப்பியைக் கழற்றி வருணனிடம் நீட்டினார். ஒரு மணி நேரத்துக்குக் கப்பல் அவருடையது.

குற்றப்பத்திரிகை வாசித்தார்கள். அதிகாலை வாட்சில் நின்றபடியே தூங்கியது, பெயின்ட் அடிக்கச் சொன்னால் தன் காலணியை அடித்தது, ஞாயிற்றுக்கிழமைப் பிரியாணியை மூன்றாம் முறை கேட்டது. மறுத்தால் தண்டனை இரட்டிப்பு. மருத்துவர் வேடமிட்டவர் வாயில் ஒரு உருண்டை போட்டார். சோப்பும் மிளகாயும் பாகற்காயும் அரைத்தது அது. நாவிதர் பெயின்ட் பிரஷ்ஷால் மைதா, மஞ்சள், எஞ்சின் கிரீஸ் கலந்த குழம்பை நெற்றி முதல் கழுத்து வரை பூசினார். பலகையில் செதுக்கிய முழநீளக் கத்தியால் வழித்தார். பின்புறமாகச் சாய்த்துத் தொட்டியில் தள்ளினார்கள். சரக்கறை மூடும் தார்ப்பாயைக் கட்டி, தீயணைப்புக் குழாயால் கடல்நீர் நிரப்பிய தொட்டி. எங்கள் செராங் தூத்துக்குடிக்காரர், நான் அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். தள்ளுவதற்கு ஒரு நொடி முன்னால் காதருகே குனிந்து, “தம்பி, கண்ணை இறுக மூடிக்கிடுங்க, உப்பு எரியும்” என்றார். அன்றைக்கு அவரும் கரடிகளில் ஒருவர்.

மூன்று முறை முக்கி எடுத்தபின் அரசரின் காலைத் தொட்டேன். கை கொடுத்துத் தூக்கிவிட்டார். மாலையில் எல்லாரும் ஒரே தளத்தில் அமர்ந்து சாப்பிட்டோம். அதிகாரிகளின் மெஸ், தொழிலாளிகளின் மெஸ் என்ற பிரிவு அன்று கிடையாது. கேப்டன் கையொப்பமும் கப்பல் முத்திரையும் இட்ட சான்றிதழில் என் பெயர், கப்பல் பெயர், தேதி, தீர்க்கரேகை எல்லாம் இருந்தன. அதைப் பத்திரப்படுத்த வேண்டும், அடுத்த கப்பலில் காட்டத் தவறினால் திரும்பவும் தொட்டிதான் என்று அண்ணாச்சி எச்சரித்தார். கரி அள்ளியவரின் பேரனும் பண்டாரியின் மகனும் தளத்தில் அரசராகவும் மருத்துவராகவும் அமர்ந்திருந்த அந்த ஒரு மணி நேரம், இந்தியர் பயிற்சிக்காக 1922இல் கேட்ட குரலின் பயன் என்றே நான் எண்ணுகிறேன்.

இதே காலத்தில் கடல் கடந்த தமிழரில் மிகப் பலர் சிங்கப்பூர்ப் பயணிகள். ரஜுலாவிலும், 1973 முதல் எம்.வி. சிதம்பரம் கப்பலிலும் சென்னையிலிருந்து போய்வந்த குடும்பங்கள் நம் வட்டாரத்திலும் உண்டு. கோட்டுக்கு 80 கடல் மைல் வடக்கேயே சிங்கப்பூர் நின்றுவிடுவதால் அவர்களுக்கு இந்தச் சடங்கு வாய்க்கவில்லை.

எண்பதுகளில் பயணம் நீண்டது. 1981 டிசம்பர் 6 அன்று எஸ்.இசட்.காசிம் தலைமையில் 21 பேர் கோவாவிலிருந்து போலார் சர்க்கிள் கப்பலில் புறப்பட்டு, நிலநடுக்கோட்டையும் தென்கடலின் பேரலைகளையும் தாண்டி 1982 ஜனவரி 9 அன்று அண்டார்க்டிகாவில் இறங்கினர். 1985 செப்டம்பரில் கிளம்பிய திரிஷ்ணா பாய்மரப் படகு, இந்திய இராணுவப் பொறியாளர்களோடு உலகைச் சுற்றி 1987 ஜனவரியில் பம்பாய் திரும்பியது. உலகைச் சுற்றிய முதல் இந்தியப் பாய்மரப் பயணம் அதுவே.

1993இல் ராஜேந்திரா கப்பலுக்குப் பின் பயிற்சி கரையேறி, நவி மும்பையில் சாணக்யா என்ற பெயரில் நிலைபெற்றது. தொங்கு படுக்கை போய்க் கட்டில் வந்தது. தளம் கழுவும் பழக்கம் மட்டும் அணிவகுப்புத் திடலுக்கு மாறியது. 1999இல் சோனாலி பானர்ஜி இந்தியாவின் முதல் பெண் கப்பல் பொறியாளராகக் கல்கத்தாவில் தேறினார். அதுவரை ஆண்களே நின்ற வரிசையில் பெண்கள் நிற்கலாயினர். ராதிகா மேனன் இந்திய வணிகக் கப்பலின் முதல் பெண் கேப்டனானார். 2015இல் ஒடிசாக் கடலில் புயலில் தத்தளித்த மீனவர் எழுவரைக் காப்பாற்றியதற்காக, மறு ஆண்டு பன்னாட்டுக் கடல்சார் அமைப்பின் வீர விருதைப் பெற்றார்.

2008 நவம்பர் 14 அன்று இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகம் உருவாகி, சாணக்யா, கல்கத்தா, மும்பைப் பொறியியல் நிறுவனங்கள் எல்லாம் அதன் கீழ் வந்தன. தலைமையகம் சென்னையில். சிவசாமி ஐயரின் தீர்மானம் எண்பத்தாறு ஆண்டுகள் சுற்றிவிட்டுத் தமிழ்நாட்டுக் கடற்கரைக்கே வந்து சேர்ந்தது என்று சொல்லிக்கொள்ள நமக்கு உரிமை உண்டு.

அண்மைப் பத்தாண்டின் பெருமை பெண்களுடையது. 2017 செப்டம்பரில் கோவாவிலிருந்து ஆறு கடற்படைப் பெண் அதிகாரிகள் தாரிணி என்ற பாய்மரப் படகில் கிளம்பி, உலகைச் சுற்றி 2018 மே 21 அன்று திரும்பினர். 2024 அக்டோபர் 2 அன்று அதே தாரிணியில் இருவர் மட்டும் புறப்பட்டனர். கோழிக்கோட்டைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் தில்னா, புதுச்சேரியைச் சேர்ந்த லெப்டினன்ட் கமாண்டர் ரூபா அழகிரிசாமி. எஞ்சின் துணையின்றிக் காற்றை மட்டும் நம்பி 25,000 கடல் மைலுக்கு மேல் ஓடினார்கள். ஃப்ரீமாண்டில், லிட்டில்டன், போர்ட் ஸ்டான்லி, கேப்டவுன் துறைகளைத் தொட்டு, எந்த நிலத்திலிருந்தும் மிகத் தொலைவான நெமோ முனையைக் கடந்து, 2025 மே 29 அன்று கோவா சேர்ந்தார்கள். உலகைச் சுற்றும் பயணமென்றால் கோட்டை இருமுறை தாண்டியாக வேண்டும், போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறை. இருவர் மட்டுமே உள்ள படகில் ஒருவர் உறங்க ஒருவர் சுக்கான் பிடிப்பார். அங்கே தர்பார் கூட்ட ஆள் ஏது? ஆனாலும் அந்த மரபின் மிக உயர்ந்த இடத்தில் நம் மொழி பேசும் ஒரு பெண் நிற்கிறார்.

2025 ஏப்ரல் 5 அன்று, கடல்சார் தினத்தன்றே, ஐ.என்.எஸ். சுனைனா கார்வாரிலிருந்து ஒன்பது நட்பு நாடுகளின் 44 கடற்படையினரை ஏற்றிக்கொண்டு தார் எஸ் சலாம், நகாலா, போர்ட் லூயி வழியாகத் தென்கடலுக்குச் சென்றது. 1860இல் கூலிகளாகத் தாண்டிய கோட்டை இப்போது நாம் பிற நாட்டவரை அழைத்துக்கொண்டு தாண்டுகிறோம்.

நம் ஊருக்கும் இதற்கும் உறவு நெருக்கமானது. தூத்துக்குடி 1974 ஜூலை 11 அன்று பெருந்துறைமுகமாகி, 2011இல் வ.உ.சி. பெயரைப் பெற்றது. அங்குள்ள 1,050 மெகாவாட் அனல்மின் நிலையம் உள்ளிட்ட தமிழக நிலையங்களுக்கு இந்தோனேசியாவிலிருந்து வரும் நிலக்கரியில் ஒரு பகுதி, நிலநடுக்கோட்டுக்குத் தெற்கேயுள்ள கலிமந்தான் துறைகளில் ஏற்றப்படுவது. இராசபாளையம் நூற்பாலைகளுக்கு வேண்டிய வெளிநாட்டுப் பஞ்சும் தூத்துக்குடி வழியாகவே வருகிறது. அந்தக் கப்பல்களின் பிரிட்ஜிலும் எஞ்சின் அறையிலும் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் நிற்கிறார்கள். இன்று அவர்கள் கோட்டைத் தாண்டும்போது திரையில் எண்கள் சுழியமாகி, வடக்கு என்ற எழுத்து தெற்காக மாறுவதைக் கைப்பேசியில் படம் பிடித்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள். தர்பாரும் தொட்டியும் பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டு நடக்கின்றன. கிரீஸுக்குப் பதில் தக்காளிச் சாறும் மாவும். அரசரின் கிரீடம் இன்னும் டின்தான்.

வரும் ஆண்டில் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், கணிதம் எழுதுகிற கூமாப்பட்டி, வத்திராயிருப்புப் பிள்ளைகள் கடல்சார் பல்கலைக்கழகத்தின் பொது நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். இந்த மூன்று பாடங்களிலும் சேர்த்து 60 விழுக்காடும் ஆங்கிலத்தில் 50 விழுக்காடும் வேண்டும். கண்பார்வைச் சோதனை கண்டிப்பானது, அதை முன்கூட்டியே செய்துகொள்வது நல்லது. பாடத்தில் சந்தேகம் கேட்கவும் படிவம் நிரப்பவும் ஓய்வு பெற்ற கப்பற்காரர்கள் நம் ஊர்களிலேயே இருக்கிறோம். மலரைப் பெற வருகிற பெற்றோர் அன்று எங்களிடம் நேரில் பேசலாம்.